நல்லூரின் மூன்று வயது வாரிசு: யாழ்ப்பாண அரசின் கடைசி ஆண்டுகள்

எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவனுடைய மகனுக்கு வயது மூன்று. பரராசசேகரன் என்ற அரியணைப் பெயரோடு நல்லூரிலிருந்து ஆட்சி செய்த அம்மன்னனின் மறைவை 1615 இல் வைப்போரும் 1617 இல் வைப்போரும் வரலாற்றாசிரியர்களிடையே உள்ளனர். எந்த ஆண்டை ஏற்றாலும், ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு அதன்பின் 1619 இன் நடுப்பகுதி வரைதான் நீடித்தது. இந்தச் சில ஆண்டுகளை நாம் கடைசி ஆட்சியாளனான சங்கிலி குமாரனின் ஆண்டுகளாகவே பேசிப் பழகிவிட்டோம். முத்திரைச் சந்தியில் வாளேந்திக் குதிரையில் அமர்ந்திருப்பவனும், நல்லூரில் ஒரு தோப்புக்குப் பெயர் கொடுத்தவனும் சங்கிலி. ஆயினும் அவன் செய்த கொலைகளும், போர்த்துக்கேயர் அவனுக்கு விதித்த எல்லையும், அவனுக்கு எதிராக எழுந்த முதலிமார் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர்களின் கிளர்ச்சியும், தஞ்சாவூரிலிருந்து வந்திறங்கிய படையும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புபட்டன என்பதை விளங்கிக்கொள்வதற்கு, அந்த மூன்று வயதுப் பிள்ளையிடமிருந்து தொடங்குவதே நேர்வழி. சங்கிலி முழு அரசனாக முடியாமல் போனதற்கு அப்பிள்ளை உயிரோடு இருந்தமையே முதற்காரணம் என்பது என் வாசிப்பு.

நல்லூரில் யார் அரசனாவது என்பது அக்காலத்தில் நல்லூருக்குள் மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. 1560 இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு தெ பிறகன்சா பெரும் கடற்படையோடு வந்து நல்லூரைத் தாக்கியபோது, முதலாம் சங்கிலி (சங்கிலி குமாரனுக்கு முற்பட்ட, அதே பெயருடைய வேறு அரசன்) வன்னிப் பக்கம் பின்வாங்கி, பின்னர் குடிகளின் எழுச்சியால் தலைநகரை மீட்டுக்கொண்டான். போர்த்துக்கேயருக்கு எஞ்சியது மன்னார்த் தீவும் அங்கே கட்டிய கோட்டையுமே. ஆனால் மன்னாரில் ஒரு கோட்டை இருந்தது என்பதே யாழ்ப்பாணத்து அரசுரிமைச் சண்டைகளின் தன்மையை மாற்றிவிட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் புவிராச பண்டாரம், காசி நயினார், பெரியபிள்ளை, மீண்டும் புவிராச பண்டாரம் என்று அரியணை கைமாறிக்கொண்டே இருந்தது. தோற்ற பக்கம் உதவி தேடிச் செல்வதற்கு அண்மையிலேயே ஒரு வாசல் திறந்திருந்தால், எந்த அரச குடும்பத்திலும் பங்காளிப் பகை அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை.

1591 இல் அந்திரே பூர்த்தாடோ தெ மென்டொன்சாவின் படை யாழ்ப்பாணக் கரையிலுள்ள கொழும்புத்துறையில் இறங்கி நல்லூரை நோக்கி வந்தது. புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். அதன்பின் நாட்டுப் பிரதானிகள் நல்லூரில் கூட்டப்பட்டு, போர்த்துக்கல் அரசனின் மேலாண்மையை ஏற்றுக்கொள்ளுமாறு செய்யப்பட்டனர், எதிர்மன்னசிங்கன் முடிசூட்டப்பட்டான். இந்த ஒழுங்கில் இருந்த ஆபத்து உடனே வெளிப்படவில்லை, ஏனெனில் எதிர்மன்னசிங்கன் கெட்டிக்காரன். திறையைக் கட்டிக்கொண்டே, கண்டி அரசனுக்கு வேண்டிய ஆட்களும் பொருள்களும் தன் நாட்டு வழியாகப் போவதற்கு இடம்விட்டான். சமயப் பரப்பாளர்களை வெளிப்படையாக எதிர்க்காமல், அவர்களுடைய வேலையை வேகம் பிடிக்கவும் விடவில்லை. கொழும்பிலும் கோவாவிலும் அவன்மீது சந்தேகம் இருந்தது. ஆனாலும் அவனை அகற்றுவதால் வரும் செலவும் சிக்கலும் அவனை வைத்திருப்பதால் வருவதைவிடக் கூடுதல் என்று அவர்கள் கணக்கிடும் அளவுக்கு அவன் எப்போதும் ஒரு அடி முன்னே நின்றான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த அரசு நிலைத்தது இந்தத் தனிமனிதத் திறமையினால்தான். தனிமனிதத் திறமையை மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது.

இறப்பதற்கு முன் எதிர்மன்னசிங்கன் தன்னால் இயன்ற ஏற்பாட்டைச் செய்தான். மகனை வாரிசாக அறிவித்து, பிள்ளை வளரும்வரை ஆட்சிப் பொறுப்பைத் தன் சகோதரன் அரசகேசரியிடம் ஒப்படைத்தான். நீர்வேலியில் அரசகேசரிப் பிள்ளையார் கோவில் என்று இன்றும் வழங்குவது இப்பெயரைத் தாங்கியதே. காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய அரசகேசரியும் இவனும் ஒருவனே என்று கொள்ளும் மரபு ஒன்று உண்டு. அந்த மரபை ஏற்றால் வரலாற்றில் அரிதாகவே கிடைக்கும் ஒரு பொருத்தம் இங்கே கிடைக்கின்றது. வடமொழி இரகுவம்சம் ஒரு முடிசூட்டு விழாவோடு முடிவதில்லை. அக்கினிவர்ணன் நோயுற்று மறைந்தபின், இன்னும் பிறவாத வாரிசின் பெயரால் கருவுற்றிருந்த அரசி முதிய அமைச்சர்களின் துணையோடு நாட்டை நடத்தினாள் என்பதோடு அது நின்றுவிடுகின்றது. அயோத்தியின் அமைச்சர்களுக்குக் காளிதாசன் கொடுத்த அந்தப் பொறுப்பு நல்லூரில் கவிஞனுக்கே வந்து சேர்ந்தது. அயோத்தியில் அமைச்சர்கள் பிள்ளையைக் காத்தார்களா என்பதைக் காளிதாசன் சொல்லவில்லை. நல்லூரில் நடந்தது நமக்குத் தெரியும்.

இறந்த மன்னனின் மருமகன் முறையான சங்கிலி குமாரன் அரசகேசரியைக் கொன்றான். அரச இரத்தம் உள்ள ஏனைய இளவரசர்களையும், அவர்களோடு செல்வாக்குமிக்க பிரதானியான பெரியபிள்ளை ஆராச்சியையும் கொன்றான். இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது அதில் இல்லாத பெயர். வளர்ந்த ஆண்கள் எல்லோரையும் தீர்த்துக்கட்டியவன், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவைத்தான். இரக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவனுடைய ஏனைய செயல்களோடு அது பொருந்தாது. 1591 இன் ஒழுங்கின்படி முடி எதிர்மன்னசிங்கனுக்கும், அவன்வழி அவன் மகனுக்கும் உரியதாகப் போர்த்துக்கேயர் கருதினர். பிள்ளை இறந்தால் அரியணை வெறுமையாகும். வெறுமையான அரியணைக்கு மேலாண்மை கொண்டவர்களே உரிமை கோரலாம். பிள்ளை உயிரோடு இருந்தால், அவனுக்குப் பதிலாக ஆள்பவன் என்ற தகுதியையாவது சங்கிலி கேட்டுப் பெறலாம். அவன் கேட்டதும் அதைத்தான், கிடைத்ததும் அதுதான்: ஆட்சிப் பொறுப்பாளனாக அவனை ஏற்றுக்கொண்ட போர்த்துக்கேயர், அரசனாக அவனை ஏற்க இறுதிவரை உடன்படவில்லை.

பொறுப்பாளனின் ஆட்சிக்கு முடிவுநாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடுகின்றது. பிள்ளைக்கு ஒவ்வொரு வயது ஏறும்போதும் அவனுடைய காலம் ஒரு ஆண்டு குறைகின்றது. அவனுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இதை நன்றாக அறிவார்கள். இன்று அவனுக்குக் காட்டும் விசுவாசம் நாளை அவனால் கொல்லப்பட்டவர்களின் உறவினன் ஒருவன் அரசனாகும்போது குற்றமாகலாம் என்று அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். அத்தோடு, பொறுப்பாளன்மீது மனக்குறை கொண்ட எவரும் தம்மைக் கிளர்ச்சிக்காரர் என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. முறையான வாரிசின் பக்கம் நிற்கிறோம் என்றாலே போதும். சங்கிலிக்கு அந்த மனக்குறைக்காரரைத் தேடித்தர வேறு எவரும் வேண்டியிருக்கவில்லை. அவன் கொன்ற பெரியபிள்ளை ஆராச்சிக்கு ஒரு மகன் இருந்தான்: ஞானஸ்நானம் பெற்று தொன் லூயிஸ் என்று பெயர் கொண்ட மிகப்பிள்ளை ஆராச்சி. 1618 ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இவனும் தொன் பேதுரு என்ற மற்றொரு கிறிஸ்தவ முதலியும் தலைமை தாங்கிய கிளர்ச்சி சங்கிலியைத் தலைநகரிலிருந்து துரத்தி ஊர்காவற்றுறையில் பதுங்கவைத்தது. இதைச் சமயக் கிளர்ச்சியாக மட்டும் காட்டும் எழுத்துகள் உண்டு. தகப்பனைப் பறிகொடுத்த மகனின் பழி இதில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதை அவை கவனிப்பதில்லை. அதே மிகப்பிள்ளை பிற்பாடு யாருக்கு எதிராக வாளெடுத்தான் என்பதைப் பார்த்தால் சமயக் காரணம் இன்னும் மெலிந்துவிடும்.

ஊர்காவற்றுறையிலிருந்து சங்கிலி தஞ்சாவூரைப் பார்த்தான். அங்கே ஆண்ட இரகுநாத நாயக்கன், வருணகுலத்தானின் தலைமையில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கொண்ட படையை அனுப்பினான். கிளர்ச்சி அடங்கியது. இந்த இடத்தில் சற்று நின்று பாக்குநீரிணையின் மறுகரையைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதே ஆண்டுகளில் அதே இரகுநாதன் இன்னொரு சிறுவனின் அரசுரிமைக்காகப் போர் செய்தவன்.

விஜயநகரத்தின் பிற்கால மன்னன் வேங்கடபதி தேவராயன் 1614 இல் வேலூரில் இறந்தபோது தன் அண்ணன் மகன் சிறீரங்கனை வாரிசாகக் குறித்துவிட்டுப் போனான். அரசியின் குடும்பத்தைச் சேர்ந்த கோபூரி ஜக்கராயன் இதை ஏற்கவில்லை. அரசிக்குப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட, பலரும் நம்ப மறுத்த ஒரு பிள்ளையை முன்னிறுத்தி அவன் சிறீரங்கனைச் சிறைவைத்தான்; பின்னர் அவனையும் அவன் குடும்பத்தையும் கொன்றான். அந்தக் குடும்பத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுடைய இராமதேவன் மட்டும் எஞ்சினான். அரசுக்கு விசுவாசமான யாச்சம நாயக்கன் ஒரு வண்ணானின் உதவியோடு அழுக்குத் துணிமூட்டைக்குள் வைத்து அவனைக் கோட்டைக்கு வெளியே கடத்தியிருந்தான். தொடர்ந்த போரில் மதுரை நாயக்கன் ஜக்கராயன் பக்கமும், தஞ்சாவூர் இரகுநாதன் சிறுவன் பக்கமும் நின்றனர். கல்லணைக்கு அண்மையில் தோப்பூரில் நடந்த பெரும் சண்டையில் ஜக்கராயன் வீழ்ந்தான். 1617 இல் இராமதேவனுக்கு முடிசூட்டப்பட்டது. 1632 வரை அவன் அரசனாக இருந்தான்.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால், வேலூரில் கொலைகாரனுக்கு எதிராகச் சிறுவன் பக்கம் நின்ற கை நல்லூரில் சிறுவனை ஓரங்கட்டிய கொலைகாரனின் பக்கம் நீண்டிருப்பது தெரியும். இதை இரகுநாதனின் மனமாற்றம் என்று எண்ண வேண்டியதில்லை. வேலூரில் ஜக்கராயன் வென்றால் மதுரை பலமடையும், தஞ்சாவூர் நெருக்கப்படும். நல்லூரில் சங்கிலி தோற்றால் போர்த்துக்கேயர் பலமடைவர், முத்துக்குளிப்புக் கடலும் நீரிணையின் கப்பற்பாதையும் முழுதாக அவர்கள் கைக்குப் போகும். இரு இடத்திலும் அவன் பார்த்தது தன் எல்லைக்கு அப்பால் யார் வந்து அமர்கிறார் என்பதை. சிறுவர்களின் உரிமை அந்தக் கணக்கில் ஒரு இடத்தில் பொருந்தி வந்தது, மற்ற இடத்தில் பொருந்தவில்லை. ஆனால் இராமதேவனுக்கு வாய்த்து நல்லூர்ப் பிள்ளைக்கு வாய்க்காமற்போனது ஒன்று உண்டு. யாச்சம நாயக்கனிடம் சொந்த நிலமும் சொந்தப் படையும் இருந்தன. அரண்மனை கைவிட்டுப் போனபின்னும் அவனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே நின்று போராட முடிந்தது. அரசகேசரிக்கு அரண்மனைக்கு வெளியே அப்படி ஒரு தளம் இருந்ததற்கான தடயம் இல்லை. சிறிய நாட்டில், தலைநகரிலேயே குடியிருந்த பொறுப்பாளன் ஒரே இரவில் வீழ்த்தப்படக்கூடியவனாக இருந்தான்.

போர்த்துக்கேயருக்கோ சிறுவயது வாரிசு புதிய சரக்கு அல்ல. இலங்கையின் தென்மேற்கில் இருந்த கோட்டை இராச்சியத்தின் அரசன் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் உரிமையை உறுதிசெய்ய விரும்பி, பிள்ளையின் பொற்சிலையைத் தூதுவர் வழியாக லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543 இல் போர்த்துக்கல் அரசன் அந்தச் சிலையின் தலையில் முடி வைத்தான். பாட்டன் 1551 இல் போர்த்துக்கேயன் ஒருவனின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். பேரன் 1557 இல் ஞானஸ்நானம் பெற்றான், 1580 இல் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் முடிக்கு நன்கொடையாக எழுதினான், 1597 இல் கொழும்பில் வாரிசின்றி இறந்தான். ஒரு பிள்ளைக்குத் தேடிய பாதுகாப்பு ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு நாட்டின் உரிமைப் பத்திரமாக முடிந்த வரலாறு அது. இதில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு சிறு பங்கும் உண்டு: தர்மபாலனின் தகப்பனும் அவன் சார்பில் ஆட்சி நடத்தியவனுமான வீதியே பண்டாரன், போர்த்துக்கேயரோடு பகைத்துக்கொண்டு ஓடிவந்து யாழ்ப்பாணத்தில்தான் கொல்லப்பட்டான்.

மன்னார்க் கோட்டையிலும் ஒரு வாரிசு வளர்ந்தாள். சீதாவாக்கை அரசனால் துரத்தப்பட்டுத் திருகோணமலைப் பக்கம் வந்து வைசூரியில் இறந்த கண்டி மன்னன் கரலியத்தே பண்டாரனின் சிறுமி குசுமாசன தேவி, போர்த்துக்கேயர் பொறுப்பில் தோனா கத்தரீனாவாக வளர்க்கப்பட்டு, 1594 இல் பெரும்படையோடு கண்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அரசியாக்கப்பட்டாள். கண்டிக்கு அண்மையிலுள்ள தந்துறையில் அந்தப் படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் செய்த முதற்காரியங்களுள் ஒன்று அவளை மணந்துகொண்டது. அவன் இறந்தபின் ஆட்சிக்கு வந்த செனரத்தும் அவளையே மணந்தான். ஒரே சிறுமியின் உரிமையை மூன்று தரப்பும் மாறிமாறிப் பயன்படுத்தின. இதிலிருந்து போர்த்துக்கேயர் கற்ற பாடம் கசப்பானது: வாரிசைக் கையில் வைத்திருந்தாலும், அவர் மணம் முடிக்கக்கூடியவராக இருக்கும்வரை அந்த உரிமை எதிரியின் வீட்டுக்குப் போகலாம். 1619 க்குப் பின் நல்லூர் அரச குடும்பத்துக்கு நேர்ந்தவற்றை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும்.

1619 இல் நிகழ்ந்தவை சுருக்கமாகச் சொல்லத் தக்கவை. திறை நிலுவை, தஞ்சாவூரோடும் மலபார்க் கடலோடிகளோடும் கொண்ட உறவு என்று சங்கிலிமீது குற்றங்கள் அடுக்கப்பட்டன. கடல்வழியாக வந்த படையை மலபார்க் கடலோடிகள் விரட்டினர். தரைவழியாகப் பிலிப் தெ ஒலிவேரா நடத்திவந்த ஐயாயிரம் பேர் கொண்ட படையைத் தடுக்க முடியவில்லை. சங்கிலி கடல்வழியே தப்ப முயன்று பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, விசாரிக்கப்பட்டு, மரணதண்டனைக்கு உள்ளானான்.

நமது பக்கத்து நினைவில் இந்த நிரலே வேறுவிதமாகப் பதிந்துள்ளது. ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் தொகுத்த வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலை இரண்டு சங்கிலிகளையும் ஒரே சங்கிலியாக்கிவிட்டது. அதில் அரசுரிமைக் கொலைகள் உண்டு: மூத்த இளவரசன் சிங்கவாகு நஞ்சூட்டப்படுகிறான், பண்டாரம் வாளுக்கு இரையாகிறான், பரநிருபசிங்கன் வஞ்சிக்கப்படுகிறான், இறுதியில் காக்கைவன்னியன் காட்டிக்கொடுக்கிறான். ஆனால் எல்லோரும் வளர்ந்தவர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. அவனைப் பற்றி நாம் அறிவது, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவிலிருந்து எழுதிய குவேறோஸ் பாதிரியார் போன்ற போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற குறிப்புகளால்தான். 1928 இல் வெளிவந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில் சுவாமி ஞானப்பிரகாசர் இக்குறிப்புகளைத் தமிழ் மரபோடு ஒப்பிட்டு இரு சங்கிலிகளையும் பிரித்துக் காட்டியபின்னரே அவனுக்கு ஒரு காலமும் இடமும் கிடைத்தன. தமிழ் இலக்கியம் சிறுவயது அரசர்களை அறியாதது அன்று. கிண்கிணி கழற்றிய காலில் கழல் பூட்டி, ஐம்படைத் தாலி இன்னும் கழற்றாமல், பால் விட்டு அன்றுதான் சோறுண்ட பாண்டியனைப் புறநானூறு போர்க்களத்திலேயே காட்டுகின்றது. பகைவரின் சிறையில் வளர்ந்து மீண்ட கரிகாலனின் கதையும் நம்மிடம் உண்டு. அவர்கள் வென்றதனால் பாடப்பட்டார்கள். வெல்லாத பிள்ளையைப் பாட எந்தப் புலவனுக்கும் காரணம் இருக்கவில்லை, பாடச் சொல்லும் அரசவையும் எஞ்சவில்லை.

நல்லூர் வீழ்ந்தபின் அந்த அரசவைக்கு உரியவர்களாக மிஞ்சியோரிடம் ஒலிவேராவுக்கு வாளை எடுக்கத் தேவை ஏற்படவில்லை. கைப்பற்றப்பட்ட அரச குடும்பத்தினர் ஞானஸ்நானம் பெற்று, ஆண்கள் துறவியராகவும் பெண்கள் கன்னியராகவும் சபைகளில் சேருமாறு ஊக்குவிக்கப்பட்டனர், பெரும்பாலோர் உடன்பட்டனர். துறவு பூண்டவர் முடிக்கு உரிமை கோர முடியாது, மணம் முடிக்கவும் முடியாது. தோனா கத்தரீனாவின் வழியில் கைநழுவிப்போன வாய்ப்பு மறுபடியும் எதிரிக்குக் கிடைக்காதபடி இந்த ஏற்பாடு பார்த்துக்கொண்டது. சங்கிலி இரத்தம் சிந்தி அரைகுறையாகச் செய்ததைப் போர்த்துக்கேயர் சபை விதிகளைக் கொண்டு முழுதாகச் செய்துமுடித்தனர். இரு இளவரசியர் மட்டும் கண்டி அரச குடும்பத்தில் மணம் முடித்துச் சென்றனர்.

விளைவு உடனே தெரிந்தது. 1618 இல் சங்கிலிக்கு எதிராகக் கொடி பிடித்த மிகப்பிள்ளை, 1620 இல் போர்த்துக்கேயருக்கு எதிராகவே எழுந்தான். தஞ்சாவூரும் மீண்டும் படை அனுப்பியது. ஆனால் நல்லூரின் நேர்வாரிசு யாரும் எட்டும் தூரத்தில் இல்லாததால், இரகுநாதன் இராமேஸ்வரத்து இளவரசன் ஒருவனை உரிமையாளனாக முன்னிறுத்த வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துப் பிரதானிகளுக்கு அந்தப் பெயர் எதிர்மன்னசிங்கனின் மகனின் பெயரளவுக்குப் பொருள் தரவில்லை. எழுச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. 1621 இல் ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்து, ஆட்சி மையத்தை நல்லூரிலிருந்து இன்றைய யாழ்ப்பாண நகரத்துக்கு மாற்றினான். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபோது, தெற்கே அவர்கள் கண்டியில் இருந்த ஓர் அரசனோடு உடன்படிக்கைகளைப் பற்றி வாதாட வேண்டியிருந்தது. வடக்கே அப்படி வாதாடுவதற்கு உரிமையோடு வந்து நிற்க ஓர் அரச குடும்பம் இருக்கவில்லை.